மாடிப்படிக்குக் கீழே ஒரு பாய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால்தான் வரும். இதை என் கணவர் டெனிஸ்ரன் கலியாணமாகி ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டார். கல்முனையில் நான் யோகா சொல்லிக்கொடுக்கும் இடத்தில் கண்டுபிடிக்க ஆறு மாதம் எடுத்தது. இடத்தின் பெயர் வேண்டாம், என்மேல் ஏற்கெனவே இரண்டு பெட்டிசம் போயிருக்கிறது. இரண்டிலும் ஒரே குற்றச்சாட்டுத்தான்: நிறோசா மிஸ் வருகிறவர்களுக்கு ஏசுகிறார்.

ஏசுகிறேன்தான். முதுகு வலி, கழுத்து வலி என்று டொக்டரின் துண்டுச் சீட்டோடு வருவார்கள். செவ்வாயும் வியாழனும் காலையில் ஒரு மணித்தியாலம் என்னோடு படுத்து எழும்புவார்கள். வீட்டில் தினமும் செய்யுங்கள், அப்போதுதான் சுகம் வரும் என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த செவ்வாய் அதே வலியோடு வந்து, "இது சரிவராது போல இரிக்கே மிஸ்" என்பார்கள். அப்போது எனக்கு உச்சந்தலையில் ஏறும்.

வெளியூரிலிருந்து வரும் படித்தவர்களுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கும். முஸ்லிம் பெண்கள் யோகாவுக்கு வருவார்களா, மார்க்கம் தடுக்காதா என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். ஐயோ, இவர்களோடு கதைத்து மாளாது. என் வகுப்பில் முதல் வரிசையில் படுப்பவர் ஒரு மௌலவியின் மனைவி. "மந்திரம் ஒண்டும் ஓதமாட்டீங்கதானே மிஸ்?" என்று முதல் நாள் கேட்டார். நான் கத்தோலிக்கப் பெண், எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது என்றேன். விஷயம் அதோடு முடிந்தது. தடை வேறு இடத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

லைலா ராத்தா போன வருஷம் மார்கழி முதல் செவ்வாயன்று வந்தார். முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம். ஐம்பத்தேழு வயது, பக்கத்து ஊரான சாய்ந்தமருது. கழுத்தை ஒரு பக்கமாகச் சரித்து, தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். என்னைப் பார்ப்பதற்கு முழு உடம்பையும் திருப்பினார். டொக்டரின் துண்டில் கழுத்தெலும்புத் தேய்மானம், இடுப்பு முள்ளந்தண்டில் அழுத்தம் என்று எழுதியிருந்தது. எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

"குவைத்துல இருந்து வந்த நாளையில இருந்து மிஸ். கூடிக் கூடி இப்ப இந்த மாதிரி."

குவைத்தில் பதினைந்து வருஷம். போகும்போது இரண்டு பெண் குழந்தைகள், ஒன்று பள்ளிக்கூடம் போகிறது, மற்றது தவழ்கிறது. ஓர் அரபு வீட்டில் நடக்க முடியாத கிழவியைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை. கிழவி பாரம். லைலா ராத்தா என் தோள் உயரம்தான் இருப்பார். அங்கே இருக்கும்போதுதான் சுனாமி வந்தது. கடற்கரையோரம் இருந்த வீடும் போய், கணவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் ராத்தாவின் தங்கை வீட்டில் இருந்தபடியால் தப்பின. ஒரு மாத லீவில் வந்து அழுதுவிட்டு, மறுபடி அதே கிழவியைத் தூக்கப் போனார். பிள்ளைகளுக்கு வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெற்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பார். முஸ்லிம்கள், தமிழர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான்.

"இப்ப என்ன ராத்தா செய்யேலாமல் இருக்கு?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்பேன். தண்ணீர்க் குடம் தூக்க முடியவில்லை, பேரப்பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்பார்கள்.

"ஸலாம் குடுக்க ஏலா மிஸ்."

எனக்கு விளங்கவில்லை. அவரே செய்து காட்டினார். தொழுகை முடியும்போது வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை கழுத்தைத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் கொஞ்சம் போனது. இடப்பக்கம் முகவாய் அசையவே இல்லை.

"இந்தப் பக்கம் கிறுகவே மாட்டேங்குது. சுஜூதுக்குக் குனியவும் ஏலா. மூணு வருசமா கதிரையில இருந்துதான் தொழுற. நோன்புக்கு இன்னும் மூணு மாசம்தான் இரிக்கு. ராவுல தறாவீஹ் தொழுகைக்குப் பொம்புளையள் எல்லாரும் சேந்து வரிசையா நிப்பாங்க. நான் மட்டும் பின்னுக்கு, கதிரையில. இந்த நோன்புக்கு என்ட நெத்தி நிலத்துல படணும் மிஸ். வேற ஒண்டும் வேணாம்."

அவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நெற்றி படமாட்டேன் என்றால் நிலத்தை நெற்றிக்குத் தூக்கித் தருகிறேன் ராத்தா என்று பகிடியும் விட்டேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் தலை குனிந்தே இருந்தது.

முழங்காலில் இருந்து குனிந்து நெற்றியை நிலத்தில் வைக்கும் ஆசனம் ஒன்று இருக்கிறது. முதல் நாள் அவருடைய நெற்றிக்குக் கீழே மூன்று தலையணை அடுக்கினேன். அதற்குமேல் கழுத்து இறங்கவில்லை. வீட்டில் தினமும் காலையும் மாலையும் செய்தால் கிழமைக்கு ஒரு தலையணை குறையும் என்றேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்று ஒருவர் அன்பளிப்பாகத் தந்த நீலப் பாய்களில் ஒன்றைச் சுருட்டி, சிவப்பு நாடாவால் கட்டிக் கையில் கொடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

ஒரு மாதம் போனது. தையல்காரப் பெண் ஒருத்திக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. மௌலவியின் மனைவி சம்மணம் போட்டு இருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார். லைலா ராத்தாவுக்கு மூன்று தலையணை மூன்றாகவே இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பேன். "வீட்ட செய்யிறீங்களா?" "ஓம் மிஸ்." "ரெண்டு நேரமும்?" "ஓம் மிஸ்." கண்ணைப் பார்க்கமாட்டார். கழுத்து வலியால் பார்க்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் நடுவில் ஒரு வியாழக்கிழமை வெடித்துவிட்டேன். பதினெட்டுப் பெண்களுக்கு முன்னால். "ராத்தா, பொய் சொல்லாதீங்க. செய்யிற உடம்பு எனக்குத் தெரியும். நீங்க வீட்ட ஒரு நாளும் செய்யேல்ல. நான் இஞ்ச பம்பரம் மாதிரிச் சுத்துறது ஆருக்காக? உங்கட நெத்தி நிலத்தில பட வேணும் எண்டு எனக்கா ஆசை, உங்களுக்கா?"

லைலா ராத்தா எழும்பி, முக்காட்டைச் சரிசெய்து, தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய் வரவில்லை. வியாழனும் வரவில்லை.

நியாயமாக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இன்னும் கோபம் கூடியது. துண்டில் விலாசம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓட்டோ பிடித்துச் சாய்ந்தமருதுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, மிச்ச ஏச்சையும் ஏசவா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரியாது.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மதில் முட்டும். துண்டு நிலத்தில் இரண்டு மாடி எழுப்பியிருந்தார்கள். வெள்ளை மாபிள், கறுப்புக் கண்ணாடி யன்னல். நல்ல வீடு, கிழவியைத் தூக்கிக் கட்டிய வீடு. மூத்த மகள் ஸப்னா கதவைத் திறந்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும், முகத்தில் கோதுமை மா ஒட்டியிருந்தது. பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள். "யோகா மிஸ்ஸா? வாங்க வாங்க, உம்மா உங்களப் பத்தித்தான் கதைக்கிற" என்று சிரித்த முகத்தோடு கூட்டிப்போனாள்.

ஹோல் என்றால் அதுதான் ஹோல். இருபது பேர் வரிசையாகப் படுத்துப் பயிற்சி செய்யலாம். சோபா, டீப்போ, சுவரளவு டிவி. ஸப்னாவின் கணவர் அபுல் ஹஸன், பள்ளிக்கூட ஆசிரியர், கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிச் சாரத்தைச் சரிசெய்து, ஸலாம் சொல்லி, சத்தத்தைக் குறைத்தார். மரியாதையான மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"உம்மாட அறை எது தங்கச்சி?"

ஸப்னா முன்னால் நடந்தாள். ஓர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே கேக் சுடும் பெரிய மின் அடுப்பு, கேக் பெட்டிகள், மா மூட்டை. அதைத் தாண்டினோம். பிள்ளைகளின் அறை, அதையும் தாண்டினோம். மேல்மாடிக்குப் போகும் படி வந்தது. மேலே இளைய மகள் சஹ்லாவின் குடும்பம். படிக்குக் கீழே ஒரு பூத்துணி தொங்கியது. ஸப்னா துணியை விலக்கி, "உம்மா, மிஸ் வந்திரிக்காங்க" என்றாள்.

மாடிப்படியின் அடிப்பக்கம் சரிந்து இறங்குகிறதே, அதற்குள் ஒரு பலகைக் கட்டில். நாலரை அடி இருக்கும். கால்மாட்டில் சரிவு நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தது, தலைமாட்டில் குனியாமல் நிற்க முடியாது. கட்டிலுக்கும் கக்கூஸ் கதவுக்கும் இடையில் ஒரு கதிரை, அதன்மேல் தொழுகைப் பாய். லைலா ராத்தா காலை மடக்கி, முதுகை வளைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார். வகுப்புக்கு எப்படிக் குனிந்து வந்தாரோ அதே வளைவு. தலைமாட்டில் என் நீலப் பாய் சுவரோடு சாய்ந்து நின்றது. சிவப்பு நாடாவில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

பாயை எடுத்து முடிச்சை அவிழ்த்தேன். ஏன் செய்தேனோ தெரியாது, அங்கேயே விரிக்கப் பார்த்தேன். பாதி விரிந்தது, மிச்சம் கக்கூஸ் கதவில் முட்டிச் சுருண்டு திரும்பி வந்தது.

"குசினில, அடுப்புக்குப் பக்கத்துல ஒருக்காச் செஞ்சு பாத்தன் மிஸ்," என்றார் லைலா ராத்தா, எழும்பி இருக்கக்கூட இல்லை. "பாய் போட இடமில்ல. விடிய சுபஹ் தொழுகைக்குப் பொறகு வெறும் சீமெந்துல படுத்துக் காலத் தூக்கினன். மருமகன் தண்ணி குடிக்க வந்திட்டார். அவரும் வெக்கத்துல திரும்பிப் போனார், நானும்... எனக்கு உசிரு போயிட்டு மிஸ். மறுகா செய்யல்ல. ஒங்களுட்டப் பொய்தான் சொன்னன்."

எங்கள் பக்கத்தில் மருமகன் ஹோலில் இருந்தால் மாமியார் ஹோலைக் குறுக்கறுத்துப் போகமாட்டார். சாப்பாட்டைக் கதவு வரைக்கும் கொண்டுவந்து மகளிடம் கொடுப்பார். தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். தெரிந்துகொண்டே ஒரு மாதம், "வீட்ட செய்யிறீங்களா, வீட்ட செய்யிறீங்களா" என்று கிளி மாதிரிக் கேட்டிருக்கிறேன். எந்த வீட்டில் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

என்மேல் வந்த கோபம் ஸப்னாமேல் பாய்ந்தது. "கேக்குக்கு ஓர் அறை இருக்கு தங்கச்சி! மா மூட்டைக்கு இடம் இருக்கு! பதினைஞ்சு வருசம் முதுகொடிஞ்சு கட்டின மனுசி காலை நீட்டிப் படுக்க உங்கட வீட்டில ஆறடி இல்லயா? இது ஆர்ர வீடு?"

ஸப்னாவின் கண் நிறைந்துவிட்டது. "நாங்க போகச் சொல்லல்ல மிஸ். உம்மாதான் விரும்பிப் போன. கீழ எனக்கு, மேல சஹ்லாக்கு எண்டு உம்மாதான் எழுதித் தந்த. மேல வாங்க உம்மா எண்டு தங்கச்சி கூப்பிட்டா, படி ஏற ஏலா எண்டு செல்லுற. நாங்க என்ன செய்ற?"

"என்ன செய்யிறதா? துணியைத் தொங்கவிட்டு உம்மாவை மூடி வைக்கிறதா?"

"மிஸ், நிப்பாட்டுங்க!"

லைலா ராத்தா எழும்பிவிட்டார். படியில் தலை இடிக்கும் என்று பழகிய குனிவோடு வெளியே வந்து நின்றார். அந்த மனுசிக்கு அப்படிக் குரல் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

"என்ட புள்ளய என்ட கண்ணுக்கு முன்னால ஏச நீங்க ஆரு? குடுத்தது நான். ஆரும் புடுங்கல்ல. பொம்புளப் புள்ள பெத்தவள் ஊட்டக் குடுத்துப்போட்டு ஒதுங்கி இரிக்கிறதுதானே உலக வழக்கம்? ஒங்கட உம்மா ஒங்களுக்கு ஊடு தந்தாவா, இல்லயா?"

"தந்தவ."

"எங்க படுக்கிற இப்ப?"

நான் வாயைத் திறந்தேன். முதலில் ஓடும் அந்த வாய் அன்றைக்கு ஓடவில்லை. பாயை எப்படியோ சுருட்டிச் சுவரோடு சாய்த்துவிட்டு வெளியே வந்தேன். அபுல் ஹஸன் "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மிஸ்" என்று பின்னால் வந்து சொன்னது காதில் விழுந்தது.

என் அம்மா லூர்தம்மா எங்கள் வீட்டின் பின் விறாந்தையில் படுக்கிறார். அந்த வீடு அவர் எனக்குத் தந்த சீதனம். மூன்று அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு. மூன்றாவது அம்மாவுடையதாக இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தி நான் யோகா டிப்ளோமா படிக்கும்போது பயிற்சி செய்ய இடம் இல்லாமல் போனது. "நீ எடு மகள், எனக்கு விறாந்தை நல்ல காத்தோட்டம்" என்றார் அம்மா. எடுத்துக்கொண்டேன். டெனிஸ்ரன் பலகை அடித்து விறாந்தையின் ஒரு மூலையை மறைத்துக் கொடுத்தார். அதற்குள் அம்மா படுக்கும் குட்டை மர வாங்கு, பக்கத்தில் வொஷிங் மெஷின், அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர். நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு மேசைக் காத்தாடி வாங்கிக் கொடுத்து, பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

அன்றைக்கு வந்து என் யோகா அறை வாசலில் நின்றேன். ஆளுயரக் கண்ணாடி. நடுவில் என் பாய், நாலு பக்கமும் வெறும் தரை. ஐயோ, எவ்வளவு தரை! இரவில் டெனிஸ்ரனிடம் சொன்னேன்.

"மாமி விரும்பித்தானே போனவ?" என்றார் அவர். ஸப்னா சொன்ன அதே சொல். பளார் என்று முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் கத்தினேன். அவர் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் கத்தினால் குளிக்கப் போவது அவருடைய வழக்கம்.

அம்மாவிடம் போனேன். "அம்மா, திரும்ப அறைக்குள்ள வாங்களன்."

"சும்மா இரு மகள். மருமகன் நடமாடுற இடத்தில நான் காலை நீட்டிக் கிடக்கிறதா? நீ செய்யிற தொழிலுக்கு அந்த அறை வேணும். எனக்கு என்ன குறை இஞ்ச?"

அம்மா வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கேட்டாயிற்று, வேண்டாம் என்றுவிட்டார், இனி என்னில் பிழை இல்லை என்று போய்ப் படுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஸப்னா போன் எடுத்தாள். எடுத்த எடுப்பிலேயே, "மிஸ், எங்கட உம்மாக்கு என்ன செல்லிக் குடுத்தீங்க?" என்றாள்.

"என்ன நடந்தது?"

"பின்னேரம் அஸர் தொழுதுபோட்டு ஒங்கட நீலப் பாயத் தூக்கிக்கிட்டு ஹோலுக்கு வந்திட்டா மிஸ்! இவர் மட்ச் பாத்துக்கிட்டு இரிக்கார், கடைசி ஓவர். நேர அவருக்கு முன்னுக்கு வந்து நிக்கிற. இவ்வளவு காலத்துக்கும் உம்மா இவருக்கு முன்னுக்கு வந்து நிண்டதே இல்ல. 'மருமகன், அரை மணித்தியாலம் ஹோல் எனக்கு வேணும். வெளிய போய் இரிங்க' எண்டு செல்லிட்டா. இவருக்கு என்ன செய்யிற எண்டு தெரியல்ல. ரிமோட்டக் கையில வச்சிக்கிட்டே எழும்பிப் போயிட்டார். உம்மா டீப்போவச் சுவரோட தள்ளிப்போட்டு, கதவப் பூட்டி, நடு ஹோலுல படுத்திட்டா. ஒவ்வொரு நாளும் இதான் மிஸ் இப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அபுல் ஹஸன் வெளியே மதிலோரம் நின்று போனில் ஸ்கோர் பார்த்தாராம்.

"தடுத்தீங்களா?"

"தடுக்கப் போனன். 'நான் குடுத்தது ஊட்ட, என்ட முதுக இல்ல' எண்டு ஏசிட்டா." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உம்மா எங்களோட கோவமா மிஸ்?"

"கோபம்தான் தங்கச்சி," என்றேன். இந்த முறை நான் கத்தவில்லை. "இருக்கட்டும். அவவுக்குக் கோபப்பட உரிமை இருக்கு. நீங்க அந்தக் கேக் அறையை ஒருக்கா யோசிச்சுப் பாருங்க."

அடுத்த செவ்வாய் லைலா ராத்தா வகுப்புக்கு வந்தார். ஒன்றும் நடக்காத மாதிரித் தன் இடத்தில் இருந்தார். "ஒங்களுக்கு ஏசிப்போட்டுப் படுத்தன் மிஸ், நித்திர வரல்ல," என்றார். "ஒரு கிழமைக்கு மேல யோசிச்சன். குவைத்துல அந்தக் கிழவியக் கட்டில்ல நேராக்கிப் படுக்க வைக்கிறது என்ட வேல. பதினஞ்சு வருசம் ஆரோ ஒருத்திய நேராக்கிப் போட்டன். என்னய ஆர் போட்ட? எனக்குக் கோவம் வந்திட்டு. அல்லாஹ்வே, எனக்கு அப்பிடிக் கோவம் வந்ததே இல்ல."

மூன்று தலையணை இரண்டாகியது. மாசி கடைசியில் ஒன்று. ஸப்னா கேக் அடுப்பை ஹோல் மூலைக்கு மாற்றினாள், கேக் பெட்டிகள் குசினிக்குப் போயின. அந்த அறையில் ஆறடிக் கட்டில் போட்டதாக லைலா ராத்தா சாதாரணமாகச் சொன்னார். கட்டில் வந்த பிறகும் பயிற்சி ஹோலில்தான். விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

நோன்புக்கு முந்தின கடைசி வியாழன். நெற்றிக்குக் கீழே மடித்த ஒரு துவாய் மட்டும் வைத்திருந்தேன். முழங்காலில் இருந்து மெதுவாகக் குனிந்தார். நெற்றி துவாயில் பட்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு வலக்கை மெதுவாக வந்து, துவாயின் நுனியைப் பிடித்து இழுத்து, ஒரு பக்கம் எறிந்தது. நெற்றி கீழே இறங்கிப் பாயில் பட்டது. மௌலவியின் மனைவி "மாஷா அல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொன்னார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் எனக்குப் பிடிக்காது.

லைலா ராத்தா நிமிர்ந்து இருந்தார். கழுத்தை வலப்பக்கம் திருப்பினார். பிறகு இடப்பக்கம். முழுதாக இல்லை, முக்கால்வாசி. இடப்பக்கம் நான் நின்றேன். உடம்பைத் திருப்பாமல் அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ்," என்றார், "ஒங்கட உம்மா எங்க படுக்கிற எண்டு நீங்க இன்னும் செல்லல்ல."

வகுப்பு முடிந்ததும் ஓட்டோ பிடித்து நேரே வீட்டுக்குப் போனேன். அம்மா வாங்கில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுளகை வாங்கி வைத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். "என்ன மகள், என்னடி உனக்கு?" என்று கேட்டபடி வந்தார். அறைக்குள் கூட்டிப்போய், "படுங்க" என்றேன்.

"உன்ர பாயிலயா? கீரை மண் கிடக்கு காலில."

"படுங்க அம்மா!"

பயந்துதான் படுத்தார். மல்லாந்து படுத்ததும் இரண்டு முழங்காலும் கூரை மாதிரி மேலே நின்றன. நீட்டுங்கள் என்றேன். நீட்டப் பார்த்தார், முடியவில்லை. நாலு வருஷம் குட்டை வாங்கில் மடக்கிப் படுத்த கால் நீள மறந்திருந்தது. ஊரார் முதுகெல்லாம் பார்க்கிறவள், என் வீட்டுக்குள் இந்தக் கால் மடங்கியதைப் பார்க்கவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல அழுத்தினேன்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அம்மா பதறினார். "மருமகன் வந்திட்டார். எழுப்பிவிடு மகள், எழுப்பிவிடு."

"நிறோசா, சாப்பாடு எங்க?" என்று ஹோலில் இருந்து டெனிஸ்ரனின் குரல்.

"அம்மா படுத்திருக்கா!" என்று கத்தினேன். "போட்டுச் சாப்பிடுங்க! இனி இது அம்மாட அறை. வாங்கைத் தூக்கி வெளிய போடுங்க!"

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குளிக்கப் போயிருப்பார். அம்மா எழும்பப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் காலை அழுத்தியபடி, "வலிக்குதா அம்மா?" என்று கேட்டேன். எப்போதும்போல இல்லை என்பார் என்று நினைத்தேன்.

"நாலு வருசம் வேணுமாயிருந்திச்சா உனக்கு?" என்றார் அம்மா.

கண் திறக்கவில்லை. குரல் நடுங்கியது, ஆனால் அது அழுகை இல்லை, கோபம். அம்மா என்னோடு கோபித்து நான் கேட்டதே இல்லை. காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.